அலிபாக் கரையோர சைக்கிள் பயணம்: ஞாயிறு

மாட்டுங்கா, தாராவி, செம்பூர் நண்பர்களுக்கு வணக்கம்.

ஞாயிறன்று, முதல் ரோ-ரோ (வண்டிகளையும் ஏற்றிச் செல்லும்) கப்பலில் மும்பை பாவுச்சா தக்கா படகுத்துறையிலிருந்து அக்கரையிலுள்ள மாண்ட்வா போகிறோம். சைக்கிளையும் அதிலேயே ஏற்றலாம். அங்கிருந்து கிஹிம், தள் வழியாக அலிபாக், சுமார் 20 கிலோமீட்டர். வழிகாட்டி முன்னால் போவார்; அவரைத் தாண்டிப் போக வேண்டாம்.

தள் கரையில் கொஞ்சம் நின்று பாருங்கள். கடலுக்குள் தெரியும் இரண்டு தீவுகள் கந்தேரி, உந்தேரி. 2025-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் கந்தேரியும் உண்டு, நம்ம செஞ்சியும் உண்டு! பிள்ளைகளுக்கு இதை அவசியம் காட்ட வேண்டும். கடல் அமைதியாக இருந்தால் மட்டுமே கந்தேரிக்குப் படகு. வழிகாட்டி “வேண்டாம்” என்று சொன்னால் வேண்டாம்தான்.

அலிபாக்கில் குலாபா கோட்டைக்கு, தண்ணீர் வற்றும் நேரத்தில் நடந்தே போகலாம். சைக்கிள் கரையிலேயே இருக்கட்டும், உப்புத் தண்ணீர் செயினை அரித்துவிடும். நீர் ஏறுமுன் எல்லோரும் திரும்பியாக வேண்டும், இதில் விட்டுக்கொடுக்க முடியாது.

ஹெல்மெட் கட்டாயம். அப்புறம், இரண்டு பாட்டில் தண்ணீர், மாற்று டியூப். வருபவர்கள் வியாழன் இரவுக்குள் பெயர் கொடுங்கள். வாடகை சைக்கிள் வேண்டுமானால் உங்கள் உயரத்தையும் சேர்த்து எழுதுங்கள்.