குப்பை கொளுத்துவது பற்றிப் பெற்றோருக்கு ஒரு கடிதம்

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். இந்தக் கடிதத்தை மன்னிப்புக் கேட்டுத்தான் தொடங்க வேண்டியிருக்கிறது. இரண்டு வாரத்துக்கு முன் ஒரு சனிக்கிழமை, மைதானத்து ஓரம் கூட்டிக் குவித்திருந்த சருகையும் ஒடிந்த கிளைகளையும் பள்ளியிலேயே கொளுத்தினோம். கொளுத்தச் சொன்னவன் நான்தான். நெருப்பு அடங்கியதும் இரண்டு வாளி தண்ணீரை மேலே ஊற்றிவிட்டு எல்லோரும் வீட்டுக்குப் போய்விட்டோம். திங்கட்கிழமை இடைவேளையில் பந்து அந்தச் சாம்பல் மேட்டில் போய் விழுந்தது. எடுக்கப் போன மூன்றாம் வகுப்புப் பையனின் கால் உள்ளே புதைந்தது. அடியில் கங்கு இருந்திருக்கிறது. நல்ல வேளை, குதிகாலில் ஒரு கொப்புளத்தோடு போயிற்று. அணைத்து 40 மணி நேரத்துக்கு மேல் ஆகியிருந்தது. மேலே வெள்ளைச் சாம்பல் மட்டும்தான் தெரிந்தது.

அந்தப் பையனின் வீட்டுக்கு நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். உங்கள் எல்லோருக்கும் எழுதுவதற்குக் காரணம், இந்தப் பருவத்தில் ஊரில் பாதி வீடுகளில் கொல்லையைச் சுத்தம் செய்து கொளுத்துகிறோம் என்பதுதான். யாரும் கொளுத்தவே கூடாது என்று சொல்லும் இடத்தில் நான் இப்போது இல்லை. ஆனால் இந்த இரண்டு வாரத்தில் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதில், முன்பே தெரிந்திருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று பட்டவை பல.

முதலில் அந்தச் சாம்பல். சாம்பல் ஒரு போர்வை மாதிரி. அடியில் இருக்கும் கங்குக்கு வேண்டிய கொஞ்சம் காற்றை உள்ளே விடும், சூட்டை மட்டும் வெளியே விடாது. மேலே ஊற்றுகிற தண்ணீர் மேல் சாம்பலைப் பொருக்கு மாதிரி கட்டவைத்துவிட்டு, பக்கவாட்டில் ஓடிவிடும். நாங்கள் ஊற்றிய இரண்டு வாளியும் அப்படித்தான் ஓடியிருக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி, மண்வெட்டியால் அடிவரை கிளறி, மறுபடி ஊற்றி, மறுபடி கிளற வேண்டும். 'உஸ்' என்ற சத்தம் நின்ற பிறகு புறங்கையைச் சாம்பலுக்குச் சற்று மேலே பிடித்துப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னும் வேலை இருக்கிறது. மேலே மண்ணை மட்டும் அள்ளிப் போட்டு மூடுவது அணைத்ததாக ஆகாது, போர்வைக்கு மேல் இன்னொரு போர்வைதான். பழைய மரத்தின் அடிவேர் மேல் குவித்துக் கொளுத்தினால் இன்னும் மோசம். வேர் வழியாக மண்ணுக்குள்ளேயே கனன்று போய், சில நாள் கழித்து வேறு இடத்தில் தலை காட்டும். மறுநாளும் அதற்கு அடுத்த நாளும் ஒரு நடை போய்ப் பார்ப்பது நல்லது.

அடுத்தது நேரம். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பள்ளிக்கு வரும் பிள்ளைகள் மேல் நேராக விழுவது இதுதான். காற்று அடங்கியிருக்கிறது என்று பெரும்பாலானவர்கள் விடியற்காலையில் பற்ற வைக்கிறோம். நெருப்பு பரவாது என்ற வகையில் அது சரி. ஆனால் தெளிந்த வானத்துடன் குளிர்ந்த இரவுக்குப் பிறகு, தரையை ஒட்டிக் குளிர்ந்த காற்றும் அதற்கு மேலே சூடான காற்றும் இருக்கும். அந்தச் சூடான அடுக்கு மூடி போட்டது போல் நிற்பதால் புகை மேலே போக வழி இல்லை. பக்கவாட்டில் படர்ந்து, பள்ளத்தில் தேங்கி, சாலையை மூடும். பிள்ளைகள் நடந்தும் சைக்கிளிலும் வரும் நேரம் அது. பள்ளி வாகன ஓட்டுநருக்குப் பத்தடிக்கு அப்பால் தெரியாமல் போன காலைகள் உண்டு. வெயில் ஏறித் தரை சூடான பிறகு, இலேசான காற்று இருக்கும்போது கொளுத்தினால் புகை மேலே எழும்பிக் கலைந்துவிடும். பிற்பகலில் காற்று வலுத்தால் நிறுத்திவிட வேண்டும். இருட்டுவதற்குள் முழுதாக அணைக்கிற அளவுக்கு மட்டும் பற்ற வையுங்கள். முடிந்தால் விடுமுறை நாளாகப் பாருங்கள். பள்ளி நாள் என்றால் காற்று எங்கள் பக்கம் அடிக்காத நாளாக இருக்கட்டும்.

புகையை நான் இவ்வளவு பெரிதாக்குவது ஏன் என்று சிலர் நினைக்கலாம், நாமும் புகையில் வளர்ந்தவர்கள்தானே என்று. சருகுப் புகையில் இருக்கும் நுண்துகள்களில் மிகச் சிறியவை, பிஎம் 2.5 என்கிறார்களே, தலைமுடியின் தடிமனில் சுமார் முப்பதில் ஒரு பங்கோ அதைவிடக் குறைவோ இருக்கும். மூக்கில் தங்காது, நுரையீரலின் அடிவரை போகும். உடல் எடையோடு ஒப்பிட்டால் பிள்ளைகள் நம்மைவிட அதிகக் காற்றை இழுக்கிறார்கள், அவர்களுடைய மூச்சுக்குழலும் குறுகல். ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு, நமக்கு வெறும் வாசனையாகத் தெரிகிற புகையே இளைப்பைக் கொண்டுவரப் போதும். ஈரச் சருகும் பச்சைக் கிளையும்தான் அதிகம் புகையும். நன்றாகக் காய்ந்ததை, மண் ஒட்டாமல் உதறிப் போட்டால் புகை பாதியாவது குறைகிறது என்பது என் கண்ணால் கண்டது. சுள்ளிக் குவியலை அடியில் பற்ற வைக்காமல் மேலே பற்ற வைத்தாலும் குறையும், கீழிருந்து வரும் புகை மேலே இருக்கும் சுவாலையில் எரிந்துபோவதால்.

எதைப் போடக் கூடாது என்பதில் எனக்கு இரண்டாவது பேச்சே இல்லை. பிளாஸ்டிக், டயர், ரப்பர், தெர்மாகோல், பெயின்ட் அடித்த அல்லது மருந்து ஏற்றிய மரம், பூச்சிமருந்து டப்பா. இவை எதுவும் நெருப்புக்குள் போகக் கூடாது. பிவிசி குழாயும் வயரும் எரிந்தால் ஹைட்ரஜன் குளோரைடு என்ற அரிக்கும் வாயு வரும், டையாக்சின் என்ற நஞ்சும் வரும். டையாக்சின் புல்லிலும் மண்ணிலும் படிந்து, மேய்கிற மாட்டின் பாலுக்கும் கோழி முட்டைக்கும் வந்து சேரும். கரையான் அரிக்காமல் இருக்க ஆர்சனிக் கலந்த மருந்து ஏற்றிய பழைய மரமென்றால் அதன் சாம்பலே நஞ்சு. அரளிக் கிளையையும் தனியே எடுத்து வைத்துவிடுங்கள், அதன் புகையும் நஞ்சுதான். பேட்டரி, ஸ்பிரே டப்பா, மூடியிட்ட பாட்டில் வெடிக்கும். மூங்கில் கணுவும் வெடிக்கும் என்பது பிள்ளைகளுக்குத் தெரியும். அதற்காகவே தேடிக் கொண்டுவந்து போடுகிறார்கள்.

பெட்ரோல் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஈரக் குவியல் பிடிக்கவில்லை என்று பெட்ரோலை ஊற்றிக் கொளுத்துவதை வேடிக்கை பார்த்ததாக இந்த ஆண்டு இரண்டு பிள்ளைகள் கட்டுரையில் எழுதியிருக்கிறார்கள். ரசித்து எழுதியிருந்தார்கள், அதுதான் எனக்குப் பயம். எரிவது பெட்ரோல் அல்ல, அதன் ஆவி. உறைபனிக்கு வெகு கீழான குளிரிலும் அது ஆவியாகும். அந்த ஆவி காற்றைவிடக் கனமானது என்பதால் தரையோடு படர்ந்து, தீக்குச்சி பிடித்து நிற்கிறவரின் காலடிக்கே வந்துவிடும். பற்றும்போது குவியலோடு அவரையும் சேர்த்துத்தான் பற்றும்.

இனி இடம். வீடு, கொட்டகை, வைக்கோல் போர் இவற்றிலிருந்து குறைந்தது 50 அடி தள்ளி இருக்கட்டும். மின்கம்பிக்கும் மரக்கிளைக்கும் அடியில் வேண்டாம். சுற்றிலும் 10 அடிக்கு வெறும் மண் தெரியும்வரை செத்தையைச் செதுக்கி எடுங்கள். சரிவான நிலத்தில் நெருப்பு மேல்நோக்கி ஓடும். சரிவு பத்து டிகிரி கூடினால் வேகம் சுமார் இரு மடங்காகும் என்பது தீயணைப்பவர்கள் வைத்திருக்கும் கணக்கு. பெரிய குவியலை ஒரேயடியாகப் பற்ற வைக்காமல் சின்னதாகத் தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாகப் போடுங்கள். பல நாளாகக் கிடக்கும் குவியலில் பாம்போ குஞ்சு பொரித்த பறவையோ இருக்கலாம், கொளுத்தும் அன்று ஒருமுறை கலைத்துப் போடுவது இரு தரப்புக்கும் நல்லது. தண்ணீரும் மண்வெட்டியும் கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், பெரியவர் ஒருவர் கடைசிவரை அங்கேயே நிற்க வேண்டும். 'கொஞ்சம் பார்த்துக்கோ' என்று பிள்ளையிடம் விட்டுவிட்டு உள்ளே போக வேண்டாம். நிற்பவர் பருத்தி உடை போட்டிருக்கட்டும். நைலானும் பாலியெஸ்டரும் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும்.

அனுமதி வேண்டுமா, எந்த மாதங்களில் தடை, எதைக் கொளுத்தலாம் என்பதெல்லாம் இடத்துக்கு இடம் மாறும். உள்ளாட்சி அலுவலகத்திலோ தீயணைப்பு நிலையத்திலோ முதலில் கேட்டுக்கொள்ளுங்கள். முன்கூட்டியே சொல்லி வைத்தால், புகையைப் பார்த்து யாரோ போன் செய்து வண்டி வீணாக வருவதும் மிச்சம். உங்கள் நெருப்பு பக்கத்து நிலத்துக்குப் போனால் பதில் சொல்ல வேண்டியவர் பற்ற வைத்தவர்தான்.

அப்புறம், யாருக்காவது சுட்டுவிட்டால். அன்று அந்தப் பையனுக்குப் பற்பசை தடவ ஒருவர் ஓடினார், வகுப்பாசிரியை தடுத்துக் குழாயடிக்குக் கூட்டிப் போனார். அவர் செய்ததுதான் சரி. சுட்ட இடத்தை ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். ஐஸ், பற்பசை, எண்ணெய், மை எதுவும் வேண்டாம். கொப்புளத்தை உடைக்காமல், ஒட்டிய துணியைப் பிய்க்காமல், சுத்தமான துணியால் தளர மூடி மருத்துவமனைக்குப் போங்கள். உடையில் தீப்பற்றினால் ஓடக் கூடாது, நின்று, தரையில் படுத்து உருள வேண்டும். இதை எல்லா வகுப்பிலும் செய்து காட்டிவிட்டோம். சின்ன வகுப்புகளில் இப்போது காரணமே இல்லாமல் உருண்டுகொண்டிருக்கிறார்கள், வீட்டிலும் உருண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளியில் இனி எதையும் கொளுத்துவதில்லை. மைதானத்தின் மூலையில் உரக்குழி வெட்டியிருக்கிறோம். காய்ந்த சருகு ஒரு அடுக்கு, பச்சைப் புல்லோ சாணமோ ஒரு அடுக்கு, இலேசாக ஈரம். சரியாக வேலை செய்தால் குழிக்குள் 55 டிகிரிக்கு மேல் சூடேறிக் களை விதையும் செத்துப் போகும். எரித்தால் சருகில் இருந்த நைட்ரஜன் பெரும்பாலும் புகையோடு போய்விடும், மக்கவிட்டால் தோட்டத்துக்கு வரும். உங்கள் வீட்டுச் சருகையும் சனிக்கிழமை காலையில் கொண்டுவந்து போடலாம். கிளையும் கட்டையும் வேண்டாம், மக்குவதற்குள் நான் ஓய்வு பெற்றுவிடுவேன்.

இரண்டு வேண்டுகோள். ஆஸ்துமாவோ வீசிங்கோ உள்ள பிள்ளைகளின் இன்ஹேலர் ஒன்றைப் பெயர் எழுதி, காலாவதித் தேதி பார்த்து, வகுப்பாசிரியரிடம் கொடுத்து வையுங்கள். பள்ளி நாளில் கொளுத்துவதாக இருந்தால் முந்தின நாளே அலுவலகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள்; அந்தப் பக்கத்து ஜன்னல்களை மூடி, விளையாட்டு வகுப்பை உள்ளே மாற்றிக்கொள்கிறோம். மாலை 4 மணிவரை ஆள் இருக்கும். எடுக்காவிட்டால் மறுபடி அடியுங்கள், அநேகமாக உரக்குழியடியில் நிற்போம்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்