சைனிக் பள்ளி நுழைவுத்தேர்வு: இந்த வாரம் அளவியல்

பெற்றோருக்கும் பிள்ளைகளுக்கும் வணக்கம். சைனிக் பள்ளி ஆறாம் வகுப்புத் தேர்வில் 300 மதிப்பெண்ணில் 150 கணக்குக்கே போகிறது, ஒரு கேள்விக்கு 3. அதனால் சுற்றளவு, பரப்பளவு, கன அளவு மூன்றையும் இந்த வாரமே முடித்துவிடுவோம்.

சூத்திரம் எல்லாருக்கும் மனப்பாடம்தான். சறுக்குவது நடைபாதைக் கணக்கில். 20 மீ நீளம், 15 மீ அகலத்தில் ஒரு தோட்டம். வெளியே சுற்றிலும் 2 மீ அகலப் பாதை. அவசரத்தில் 22 × 17 என்று போட்டுவிடுவார்கள். பாதை இரண்டு பக்கமும் இருக்கிறதே! 24 × 19 = 456. அதில் தோட்டத்தின் 300 போனால் பாதை 156 ச.மீ. படம் வரையாமல் இந்தக் கணக்கைத் தொடவே வேண்டாம்.

அப்புறம் அலகு. 1 ச.மீ என்பது 100 அல்ல, 10,000 ச.செ.மீ. 1 கன மீட்டர் 1,000 லிட்டர். 2 மீ × 1.5 மீ × 1 மீ தொட்டி 3,000 லிட்டர் பிடிக்கும். வேலி என்றால் சுற்றளவு, டைல்ஸ் என்றால் பரப்பளவு, இது பிள்ளைகளுக்கே தெரியும்.

இன்றைய கணக்கு: அதே தோட்டத்தில் பாதை உள்பக்கம் இருந்தால் எவ்வளவு? படத்தோடு போட்டு, இரவு 8 மணிக்குள் குழுவில் அனுப்பவும். விடையை மட்டும் அனுப்பினால் எடுத்துக்கொள்ள மாட்டேன்.