கேட்ச் கேனுக்கு முன் ஒரு மேனோமீட்டர்: பெங்களூரு டியூனிங் கராஜ்களுக்குத் திறந்த மடல்

டர்போ கார்களில் கை வைக்கும் மெக்கானிக் அண்ணன்மார்களுக்கும் கராஜ் உரிமையாளர்களுக்கும் வணக்கம்.

ஸ்டேஜ் 1 ரிமாப் (பவர் கூட்ட இன்ஜின் கம்ப்யூட்டரின் மேப்பை மாற்றுவது) செய்தால் கூடவே ஒரு கேட்ச் கேனையும் (இன்ஜின் ஆவியில் வரும் ஆயிலைப் பிடித்துவைக்கும் குடுவை) மாட்டிவிடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. பானட்டைத் திறந்தால் பளபளவென்று அலுமினியக் குடுவை, சிவப்பும் நீலமுமாக ஃபிட்டிங். பார்க்க ஜோர்தான். ஆனால் அதை மாட்டுவதற்கு முன்னும் பின்னும் கிராங்க்கேஸ் பிரஷர், அதாவது பிஸ்டனுக்குக் கீழே இன்ஜின் அடிப்பாகத்தில் சேரும் வாயுவின் அழுத்தம், எவ்வளவு என்று பெரும்பாலும் யாரும் பார்ப்பதில்லை. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: மேனோமீட்டர் என்ற அழுத்தமானியால் அளந்து பாருங்கள், அந்த அளவை பில்லில் எழுதிக் கொடுங்கள்.

பிஸ்டன் ரிங் புதிதாகவே இருந்தாலும் எரிந்த வாயு கொஞ்சம் கீழே கசியும். பூஸ்ட் (டர்போ தள்ளும் காற்றின் அழுத்தம்) ஏற ஏற கசிவும் ஏறும். அது ஆயில் துளி, பெட்ரோல் ஆவி, நீராவி எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு இன்ஜின் தலையில் இருக்கும் டேப்பட் கவருக்கு வருகிறது. ஐட்லிங்கில் இன்டேக் மேனிஃபோல்டு வாக்குவம் அதை பிசிவி (கிராங்க்கேஸ் வாயுவை வெளியேற்றும் வால்வ்) வழியாக இழுத்துக்கொள்ளும். ஆக்ஸிலரேட்டரை மிதித்ததும் மேனிஃபோல்டில் வாக்குவம் போய் பூஸ்ட் வந்துவிடும். ஒரு திசையில் மட்டும் விடும் செக் வால்வ் மூடிக்கொள்ளும். வாயு பிரீதர் ஹோஸ் வழியாக, டர்போவுக்கு முன்னால் இருக்கும் இன்டேக் பைப்புக்குப் போயாக வேண்டும். ஆக, வழி இரண்டு. ஒன்றுக்குக் கேன் மாட்டிவிட்டு மற்றதை மறப்பதும், இரண்டையும் செக் வால்வ் இல்லாமல் ஒரே கேனில் சேர்ப்பதும் நாம் அடிக்கடி பார்க்கும் கோளாறுகள். செக் வால்வ் இல்லையென்றால் பூஸ்ட் நேராக சம்ப்புக்குள் (இன்ஜின் அடியிலுள்ள ஆயில் தொட்டி) புகும். டிப்ஸ்டிக் எகிறும், கிராங்க் ஆயில் சீல் ஒழுகும்.

இதில் உரிமையாளரின் பையைக் காலி செய்வது டர்போ விஷயம். டர்போவுக்கு ஆயில் பிரஷரோடு போகிறது, ஆனால் திரும்பி வருவது தானாக வழிந்துதான். சம்ப்பில் பிரஷர் கூடினால் ஆயில் இறங்க முடியாமல் டர்போவின் நடு ஹவுசிங்கில் தேங்கி, ஷாஃப்ட் சீலைத் தாண்டிவிடும். நீலப் புகை வரும். உடனே "டர்போ போச்சு சார்." புது டர்போ போட்ட பிறகும் அதே புகை வந்தால், மடிந்துபோன ஒரு ஹோஸோ கேனுக்குள் அளவுக்கு மீறித் திணித்த ஸ்டீல் கம்பிப் பஞ்சோ காரணமாக இருக்கலாம். டர்போவைக் கழற்றும் முன் பத்து நிமிடம் ஒதுக்கினால் இது தெரிந்துவிடும்.

அளப்பது பெரிய வித்தை இல்லை. டிப்ஸ்டிக் குழாயிலோ ஆயில் கேப் அடாப்டரிலோ ஹோஸ் மாட்டி ஒரு டிஜிட்டல் மேனோமீட்டரில் இணையுங்கள். ஆயில் 90 டிகிரிக்கு வந்த பிறகு பாருங்கள். குளிர்ந்த இன்ஜினின் அளவு எதற்கும் ஆகாது. ஐட்லிங்கில் கொஞ்சம் வாக்குவம் காட்ட வேண்டும். டைனோவில் (காரை நின்ற இடத்திலேயே ஓட்டிப் பார்க்கும் ரோலர் மேடை) முழு பூஸ்டிலும் அளவு பூஜ்யத்தை ஒட்டியே நிற்க வேண்டும். கேன் மாட்டிய பின் அதே ஓட்டத்தில் பிரஷர் ஏறியிருந்தால் கேனோ ஹோஸோ அடைக்கிறது. மாட்டும் முன்பே ஏறியிருந்தால் லீக்-டவுன் டெஸ்ட் (சிலிண்டருக்குள் காற்றை அடைத்து எத்தனை சதவீதம் கசிகிறது என்று பார்ப்பது) போடுங்கள். 10 சதவீதத்துக்குள் இருந்தால் கவலையில்லை. 20-ஐத் தாண்டினால் காற்று எங்கே போகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஆயில் கேப் வழியாகச் சீறினால் ரிங்தான். அதற்கு எந்தக் கேனும் மருந்தல்ல.

ஸ்கோடா, ஃபோக்ஸ்வாகன் கார்களில் வரும் இஏ888 இன்ஜினில் நிலைமை தலைகீழாகவும் போகும், பிரஷருக்குப் பதில் வாக்குவம் கூடிவிடும். பிசிவி டயஃப்ரம் (உள்ளிருக்கும் சவ்வு) கிழிந்தால் விசில் சத்தம் கேட்கும், ஐட்லிங் தடுமாறும், பி0171 லீன் கோட் (காற்று அதிகம், பெட்ரோல் குறைவு என்ற எச்சரிக்கை) வரும், ஆயில் கேப் திறக்க முடியாதபடி உறிஞ்சிப் பிடிக்கும். மாற்ற வேண்டியது பிசிவி யூனிட்.

எல்லோருக்கும் கேன் தேவையா என்றால், இல்லை. இன்டேக் போர்ட்டில் பெட்ரோல் தெளிக்கும் பழைய ஃபியட் டி-ஜெட் போன்ற இன்ஜின்களில் வால்வை பெட்ரோலே கழுவிவிடும். ஸ்டாக் (கம்பெனி) மேப்பில் ஆபீஸ் போய்வரும் அந்தக் காருக்குக் கேன் விற்பது வியாபாரம் மட்டுமே. டைரக்ட் இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் நேராக சிலிண்டருக்குள் போவதால் அந்தக் கழுவல் கிடையாது, இன்டேக் வால்வில் கார்பன் படியும். ஆயில் ஆவி கலந்தால் பெட்ரோலின் ஆக்டேன் பலனும் குறையும். நாக் (பெட்ரோல் நேரம் தவறி வெடித்துத் தட்டுவது) வரும், இசியு (இன்ஜின் கம்ப்யூட்டர்) டைமிங்கைப் பின்னுக்கு இழுக்கும், ரிமாப்புக்குக் கொடுத்த காசும் அதோடு போகும்.

மாட்டுவதாக இருந்தால் முதலில் கேனைத் திறந்து உள்ளே பாருங்கள். பேஃபிள் (உள் தடுப்பு) இல்லாத வெறும் டப்பாவில் ஆவி ஒரு வாயில் நுழைந்து அப்படியே மறு வாயில் வெளியேறிவிடும். ஹோஸின் உள்விட்டம் கம்பெனி ஹோஸைவிடக் குறையக் கூடாது, 19 மி.மீ. இருந்தால் நல்லது. சாதா சிலிகான் ஹோஸ் ஆயிலில் ஊறி மெத்தென்று ஆகி, வெளியேயும் வியர்க்கும். ஆயிலைத் தாங்கும் என்பிஆர் ரப்பரோ ஃப்ளோரோ லைனிங் உள்ள சிலிகானோ போடுங்கள். ஹோஸ் நடுவில் தொய்ந்தால் அங்கே ஆயில் தேங்கி அடைக்கும். கேன் டர்போ பக்கத்தில் இருந்தால் ஆவி குளிராமல் தப்பிவிடும். காற்று படும் இடமாகப் பாருங்கள்.

சில்க் போர்டு நெரிசலிலேயே ஓடும் காரில், அதுவும் டிசம்பர் காலைக் குளிரில், கேனில் சேர்வது பாதி தண்ணீர். வடித்தால் பால் காபி நிறத்தில் வரும். கூலன்ட் குறையாமல் இருந்தால் ஹெட் கேஸ்கட் போச்சு என்று சொல்லி யாரையும் பயமுறுத்த வேண்டாம். 1,000 கி.மீ.க்கு ஒருமுறை வடித்தால் போதும், மழைக்காலத்தில் இன்னும் சீக்கிரம். வடித்ததைத் திரும்ப இன்ஜினில் ஊற்றாதீர்கள், ராஜகாலுவே மழைநீர்க் கால்வாயிலும் கொட்டாதீர்கள். பழைய ஆயில் டிரம்மில் சேர்த்து, பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம் கொடுங்கள்.

பிரீதரில் சின்ன ஃபில்டர் மாட்டிக் காற்றில் திறந்துவிடும் வேலையை ரோட்டில் ஓடும் காருக்குச் செய்யவே வேண்டாம். கிராங்க்கேஸ் வாயுவை வெளியே விட பிஎஸ்6 விதிகள் இடம் தருவதில்லை. பியூசி சோதனை சைலன்சர் புகையை மட்டும் பார்ப்பதால் இது சிக்காமல் போகிறது, அவ்வளவுதான். பிசிவி மேனிஃபோல்டில் இணைந்தபடியே இருந்தால், அந்த ஃபில்டர் வழியாக மாஸ் ஏர்ஃப்ளோ சென்சார் கணக்கில் வராத காற்று உள்ளே போய் காற்று-பெட்ரோல் கலவை லீன் ஆகும். டிராக்குக்கு மட்டும் போகும் கார் என்றால் கணக்கு வேறு. திறந்த பிரீதருக்கு உலக மோட்டார் பந்தய அமைப்பான எஃப்ஐஏ கேட்பது 2,000 சிசி வரை 2 லிட்டர் கேன், அதற்கு மேல் 3 லிட்டர், உள்ளே இருப்பது வெளியே தெரியும்படி.

அடுத்த வேலையிலிருந்து பில்லில் நான்கு எண் சேருங்கள்: ஐட்லிங்கில் ஒன்று, முழு பூஸ்டில் ஒன்று, மாட்டும் முன்னும் பின்னும். அதற்குத் தனியாகக் கூலி கேட்டாலும் தருகிறோம்.

இப்படிக்கு,
பெங்களூருவில் டர்போ கார் வைத்திருக்கும் சிலர்