அண்ணாவுக்கு, ரெடிங்கிலிருந்து

அன்புள்ள அண்ணாவுக்கு,

நான் நல்ல சுகம். நீங்கள், அண்ணி, அம்மா, பிள்ளைகள் எல்லோரும் சுகமாய் இருக்கக் கோணேசப் பெருமான் துணை. அம்மாவின் கால் நோ குறைந்ததா? காசு போன கிழமையே போட்டுவிட்டேன்.

இங்கே தை மாதக் குளிர் சொல்லி மாளாது. பின்னேரம் நாலரைக்கெல்லாம் இருட்டிவிடும். களஞ்சியத்தில் பெட்டி அடுக்குகிற வேலைதான் இன்னமும். அறையில் ஹீட்டரைப் போட்டால் காசு ஓடும், அதனால் ஸ்வெட்டரோடுதான் படுக்கை. ரெடிங், லண்டனுக்கு மேற்கே ரயிலில் ஏறக்குறைய அரை மணித்தியாலம். தேம்ஸ் ஆறு ஓடுகிறது, கடல் இல்லை. உப்புக்காற்றே இல்லாத ஊர் எனக்கு இன்னும் பழகவில்லை. சரி, சாப்பாட்டுக் கதையெல்லாம் அம்மாவிடம் போனில் சொல்லியாயிற்று.

இப்போது எழுதுவது ஒரு பாட்டு அல்பத்தைப் பற்றி. போனில் சொன்னால் 'ம்' போட்டுவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவீர்கள்.

என்னோடு வேலை செய்கிற ஒருவர், இந்த ஊர்க்காரர், இரவு வேலை முடிந்து காரில் கூட்டிவரும்போது ஒரு பாட்டுப் போட்டார். ஸ்லோடைவ் என்ற ரொக் குழு. 1989இல் இதே ரெடிங்கில் தொடங்கியவர்கள். நீல் ஹால்ஸ்டெட், ரேச்சல் கோஸ்வெல் இருவரும் சின்ன வயதுச் சிநேகிதர். இருவருமே பாடுவார்கள், கிற்றாரும் வாசிப்பார்கள். கிற்றாரை எக்கோ பெடல்கள் வழியாக விட்டு வாசிப்பது இவர்கள் பாணி. எங்கள் திருகோணமலைச் சுவாமி மலைக்குக் கீழே படகில் நின்று கூப்பிட்டால் பாறை திருப்பிச் சொல்லுமே, அப்படி ஒரு சுரம் போய்த் திரும்பி வந்து அடுத்த சுரத்தின் மேல் விழும்.

1993இல் வந்த இவர்களுடைய 'சூவ்லாக்கி' அல்பத்தை இன்று தலையில் தூக்கிவைத்துக் கொண்டாடுகிறார்கள். வந்த நேரத்தில் இங்கத்தைய இசைப் பத்திரிகைகள் கிழிகிழியென்று கிழித்தன. ட்ரம் அடித்த சைமன் ஸ்கொட் இடையில் விலகினார். 1995இல் மூன்றாவது அல்பம் வெளிவந்த கையோடு அவர்களுடைய அல்பங்களை வெளியிட்ட கிரியேஷன் கம்பனியும் கைவிட்டது. அந்தக் கம்பனியிடம் அப்போது ஒயேசிஸ் என்ற ரொக் குழு இருந்தது, ஊரே அந்தப் பக்கம் சாய்ந்திருந்தது. குழு கலைந்தது. மிஞ்சியவர்களில் சிலர் மொஹாவி 3 என்ற பெயரில் வேறு விதமான, அமைதியான பாட்டுகளுக்குப் போனார்கள்.

2014இல் சைமன் ஸ்கொட்டும் சேர, ஐந்து பேரும் திரும்ப மேடை ஏறினார்கள். அப்படிச் சேர்கிற குழுக்கள் பழைய பாட்டுகளை வாசித்துக் காசு பார்த்துவிட்டுப் போவதுதான் வழக்கம். இவர்கள் 2017 மே மாதம் தங்கள் பெயரையே வைத்துப் புது அல்பம் போட்டார்கள். முந்தியதற்கும் இதற்கும் 22 வருட இடைவெளி! மொத்தம் எட்டுப் பாட்டுகள். 'ஸ்லோமோ' ஏழு நிமிடத்துக்குக் கிட்ட வரும். குரல் சுணங்கித்தான் வரும்; அதுவரை பேஸ் கிற்றாரும் ட்ரம்மும் அவசரமே படாமல் நடக்கும், கிற்றார்கள் ஒன்றொன்றாக வந்து சேரும். யாரும் முன்னுக்கு வர முண்டவில்லை, அண்ணா. அதைத்தான் நீங்கள் கவனித்துக் கேட்கவேண்டும். 'சுகர் ஃபோர் த பில்' என்ற பாட்டில் பேஸ்தான் ராசா. கடைசிப் பாட்டு 'ஃபோலிங் ஆஷஸ்'. பியானோவில் அதே சில சுரங்கள் எட்டு நிமிடம் திரும்பத் திரும்ப வரும், அதன்மேல் இரண்டு குரல்கள். இருபது வயதில் இவர்களால் இப்படி வாசித்திருக்க முடியாது. வேகத்தைக் காட்டவேண்டிய ஆசையெல்லாம் அடங்கின பிறகு வருகிற வாசிப்பு இது. எனக்கு 'சூவ்லாக்கி'யைவிட இதுதான் பிடித்திருக்கிறது. காரோட்டுகிறவர் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்.

2023இல் அடுத்த அல்பமும் வந்தது. ரேச்சலின் அம்மாவும் சைமனின் அப்பாவும் 2020இல் தவறிப்போனார்கள், அவர்களுக்கே அதைச் சமர்ப்பித்திருக்கிறார்கள். இங்கத்தைய விற்பனைப் பட்டியலில் அது 6ஆம் இடம் வரைக்கும் போனது. தொண்ணூறுகளில் பத்துக்குள் ஒருமுறையும் வராதவர்கள்.

இதையெல்லாம் ஏன் உங்களுக்கு எழுதுகிறேன் என்று இந்நேரம் விளங்கியிருக்கும். பத்திரகாளி அம்மன் கோயில் திருவிழாவில் நீங்கள் வாசித்ததை நான் மறக்கவில்லை. உங்கள் கிற்றாருக்கும் உங்கள் சிநேகிதரின் பேஸுக்கும் இடையில் நூல் நுழைய இடமிருக்காது. அப்புறம் அந்தக் கல்யாண வீட்டுக் காசுப் பிரச்சினை வந்தது, நீங்கள் இரண்டு பேரும் கதைப்பதை விட்டீர்கள். யாரில் பிழை என்று நான் கேட்கவில்லை. ஆனால் கிற்றார் அலுமாரிக்கு மேலே தூசி பிடித்துக் கிடக்கிறது என்று அண்ணி சொன்னபோது எனக்கு மனம் பொறுக்கவில்லை. அவரும் இப்போது யாரோடும் வாசிப்பதில்லையாம். அவருடைய தம்பி சொன்னான்.

பழைய சினிமாப் பாட்டையே திரும்ப வாசிக்கச் சொல்லவில்லை. நீங்கள் சொந்தமாக மெட்டுப் போட்டு டச்சு விரிகுடாக் கரையில் எங்களுக்கு வாசித்துக் காட்டியவை இருக்கின்றனவே, அவற்றுக்கு இன்னும் ஒரு பேஸ் வரி கிடைக்கவில்லை.

சிவராத்திரிக்கு ஊருக்கு வருகிற ஒருவரிடம் பார்சல் கொடுத்துவிடுகிறேன். அம்மாவுக்கு ஒரு கம்பளிச் சால்வை, பிள்ளைகளுக்குச் சொக்லேட், உங்களுக்குக் கிற்றார்க் கம்பி இரண்டு செட். பேஸ் கம்பி ஒரு செட்டும் இருக்கும். அதை நீங்களே அவருடைய வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுங்கள். வேறு யாரிடமும் கொடுத்தனுப்ப வேண்டாம்.

இப்படிக்கு,
உங்கள் அன்புத் தம்பி