பாப்பாவுக்கு, அந்த ஸ்கேன் ரிப்போர்ட் பத்தி

பாப்பாவுக்கு அம்மா எழுதறது,

நீ வாட்ஸ்அப்ல அனுப்புன ரிப்போர்ட்ட கண்ணாடி போட்டுக்கிட்டு முழுசா படிச்சேன். போன்ல பேசுனா நீ சரிம்மா சரிம்மான்னு வெச்சிருவ, அதான் உக்காந்து டைப் பண்றேன், நீளமாதான் இருக்கும், வேலை முடிஞ்சு நிதானமா படி.

"கிரேடு 2 ஃபேட்டி லிவராம், டாக்டர் பெருசா ஒண்ணும் சொல்லல, எங்க ஆபீஸ்ல பாதி பேருக்கு இருக்காம்"னு கீழ போட்டிருந்த. லிவர்ல கொழுப்பு சேர்றததான் ஃபேட்டி லிவர்ங்கறாங்க. இருக்கலாம். ஆனா நிறைய பேருக்கு இருக்குன்னு சொல்லி விட்டுடற விஷயமாடி இது? சுகர் கூடத்தான் நாட்டுல 10 கோடி பேருக்கு இருக்கு, அதுக்காக யாராவது பேசாம இருக்கமா? நான் சப் சென்டர்ல நர்ஸா இருந்த காலத்துல வீடு வீடா போய் பிபி பாப்போம், சுகர் பாப்போம், லிவர்னா மஞ்சக்காமாலை இல்லன்னா குடி, அவ்ளோதான் பேச்சு. 2021லதான் மத்திய அரசு தொற்றா நோய் திட்டத்துல இந்த ஃபேட்டி லிவரையும் சேத்தாங்க. அவ்ளோ லேட்டா கண்ணுல பட்ட வியாதி இது.

உங்க பெரியப்பாவ நெனச்சுப் பாரு. வாழ்நாள்ல ஒரு சொட்டு தொடாத மனுஷன். தொப்பை இருந்துச்சு, சுகர் இருந்துச்சு. கால் வீங்குச்சு, அப்பறம் வயிறு வீங்கி வேட்டி இடுப்புல நிக்கல, தஞ்சாவூர் கூட்டிட்டுப் போய் வயித்துல ஊசி போட்டு தண்ணி எடுத்தாங்க, சிரோசிஸ்னாங்க, லிவர் முழுக்க தழும்பாகி இறுகிப் போறது. நம்ம தெருவுல என்ன பேசுனாங்க தெரியுமா, "யாருக்கும் தெரியாம குடிச்சிருப்பாரு"ன்னு. பெரியம்மா அத கேட்டுட்டு தலைய குனிஞ்சுக்கிட்டு நின்னாங்க பாரு, எனக்கு இன்னிக்கும் வயிறு எரியுது. குடிக்காதவங்களுக்கும் லிவர் கெடும்னு அங்க பேசுன ஒருத்தருக்கும் தெரியல.

உனக்கு அப்படி ஆயிடும்னு சொல்ல வரல, பயப்படாத. கொழுப்பு சேந்த நிறைய பேருக்கு அது அந்த கட்டத்துக்கே போறதில்ல. சில பேருக்கு மட்டும் கொழுப்போட அழற்சியும் சேந்து, தழும்பு விழுந்து, அது முத்தி சிரோசிஸ் ஆகுது, அதுக்கு வருஷக்கணக்கா ஆகும், ஆனா அத்தனை வருஷமும் வலி ஒண்ணும் தெரியாது. இன்னொண்ணு, இது இருக்கறவங்கள்ல அதிகம் பேரு போய்ச் சேர்றது லிவரால கூட இல்ல, ஹார்ட்டாலதான். அதனால இத லிவர் பிரச்சனைன்னு மட்டும் பாக்காத, அடியில இருக்கறது இன்சுலின்.

சாப்பிட்டதும் ரத்தத்துல சர்க்கரை ஏறும், கணையம் இன்சுலின விடும், அதுதான் சர்க்கரைய தசைக்குள்ள அனுப்புது. நம்ம வாய்க்கா ஷட்டரையே எடுத்துக்க, துருப்புடிச்சிருச்சுன்னா ஒரு ஆள் தூக்கறத நாலு ஆள் சேந்து தூக்கணும், தூக்கிடறாங்க, தண்ணி பாயுது, வெளிய நின்னு பாக்கறவங்களுக்கு ஒரு கோளாறும் தெரியாது. உன் உடம்புல இன்சுலின் பேச்ச சரியா கேக்காத தசைதான் அந்த துருப்புடிச்ச ஷட்டர், அந்த நாலு ஆளுதான் கணையம் கூடுதலா விடற இன்சுலின். அதனாலதான் சுகர் ரொம்ப நாளைக்கு நார்மலாவே காட்டும். உனக்கு இப்ப வெறும் வயித்துல சுகர் 108, மூணு மாச சராசரி சுகர காட்டற ஏ1சி 5.9. நார்மல தாண்டியாச்சு, சுகர் வரல, நடுவுல நிக்கற.

இதுல பெரிய அநியாயம் என்னன்னா, லிவர் இன்சுலினோட ஒரு பேச்ச கேக்காது, இன்னொரு பேச்ச நல்லா கேக்கும். "சர்க்கரை தயார் பண்றத நிறுத்து"ன்னா கேக்காது, "கொழுப்பா மாத்தி வை"ன்னா மட்டும் தட்டாம செய்யும். வயித்துக் கொழுப்பு வேற அடங்காம கரைஞ்சு கரைஞ்சு ரத்தத்துல கலந்து லிவருக்கே வந்து சேருது, லிவர்ல சேர்ற கொழுப்புல பாதிக்கு மேல இப்படி வர்றதுதான். நீ நெய்ய நிறுத்திட்டேன்னு சொன்ன, சரி, ஆனா அந்த பாட்டில் ஜூஸும் டீக்கு டீ ரெண்டு ஸ்பூன் சர்க்கரையும் அப்படியே இருந்தா லிவருக்கு என்ன லாபம்?

உன் பின் கழுத்து கறுப்பு ஞாபகம் இருக்கா. பத்தாவது படிக்கறப்ப லீவுக்கு வந்த அத்தை பயத்தமாவும் எலுமிச்சம்பழமும் போட்டு பீர்க்கங்கா நாரால தேய் தேய்னு தேச்சு, தோலு செவந்து நீ கொல்லையில உக்காந்து அழுத. அது அழுக்கே இல்லடி. ரத்தத்துல இன்சுலின் கூடுதலா இருந்தா கழுத்துலயும் அக்குள்லயும் தோலு தடிச்சு கறுத்துப் போகும், தொட்டா மெத்துன்னு இருக்கும். பீரியட்ஸ் தள்ளித் தள்ளிப் போய் பிசிஓடி, அதான் சினைப்பையில நீர்க்கட்டின்னு சொன்னாங்களே, அதுக்கும் இதுக்கும் பெரிய தொடர்பு இருக்கு. ஆகக்கூடி உன் உடம்பு ரொம்ப வருஷமா சொல்லிட்டுதான் இருந்துருக்கு. நீ சோம்பேறின்னோ வாயக் கட்டத் தெரியாதவன்னோ யாரு சொன்னாலும் நம்பாத, இன்சுலின் எப்பவும் ஏறியே கிடக்கற உடம்புல சேந்த கொழுப்பு லேசுல எறங்காது. கல்யாணம் காட்சியில "என்னடி இப்படி ஊதிட்ட"ன்னு கேக்கறாங்கன்னு நீ ஊருக்கு வராம இருக்க, எனக்கு தெரியும். இனிமே கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன், நீ வா.

இப்ப செய்ய வேண்டியதுக்கு வர்றேன். நீ 84 கிலோ. அதுல 5 சதவீதம் கொறஞ்சாலே லிவர் கொழுப்பு எறங்க ஆரம்பிக்கும், 7லருந்து 10 சதவீதம் வரைக்கும் கொறஞ்சா அழற்சியும் அடங்கும், 10 சதவீதத்த தொட்டவங்கள்ல சில பேருக்கு தழும்பு கூட கொறையுது. உனக்குன்னு பாத்தா ஆறுலருந்து எட்டரை கிலோ, அவ்ளோதான், 60 கிலோ ஆகணும்னு யாரும் கேக்கல. பட்டினி கிடந்து மளமளன்னு எறக்காத, பித்தப்பையில கல்லு வரும். வாரத்துக்கு அரை கிலோ போதும், ஆடியில ஆரம்பிச்சா பொங்கலுக்குள்ள தாராளமா முடியும்.

சோத்த விடச் சொல்லி டெல்டாவுல பொறந்தவகிட்ட நான் சொல்ல மாட்டேன். ஆனா நம்ம வீட்ட யோசிச்சுப் பாரு, காலையில இட்லி, மதியம் சோறு, சாயந்தரம் ஏதாவது பலகாரம், ராத்திரி தோசை, எல்லாம் அதே அரிசி. உங்க ஆத்தா பழைய சோத்த குடிச்சுட்டு நாள் முழுக்க சேத்துல குனிஞ்சு நாத்து நட்டுச்சு, அந்த தசை அத்தனை சர்க்கரையையும் இழுத்துக்கிச்சு. இப்ப நடவும் மிஷின், அறுப்பும் மிஷின், சோறு மட்டும் அதே அளவு. நீயோ ஆபீஸ் சேர விட்டு எழுந்திருக்கறதே இல்ல. அதனால தட்டுல பாதி கீரை, அவரக்கா, வாழைத்தண்டுன்னு போட்டுக்க, கால்வாசிக்கு முட்டையோ மீனோ சுண்டலோ, மிச்சம் கால்வாசிக்குதான் சோறு. மாப்பிள்ளை சம்பா நல்லதுதான், அதுக்காக அத ரெண்டு தட்டு சாப்பிட்டா அதுவும் சோறுதான். சாப்பிட்டு முடிச்சதும் படுக்காம பத்து பதினஞ்சு நிமிஷம் நட. வாரத்துக்கு 150 நிமிஷம் வேகமா நடக்கணும், கூட ரெண்டு நாள் தசைக்கு வேலை குடுக்கற மாதிரி எதையாவது தூக்கு, எடை கொறையாட்டியும் லிவர் கொழுப்பு அதுல கொறையும். காப்பிய விடாத, காப்பி குடிக்கறவங்களுக்கு லிவர்ல தழும்பு கம்மின்னு நிறைய ஆராய்ச்சியில பாத்துருக்காங்க, சர்க்கரைய மட்டும் நிறுத்து.

அத்தை கீழாநெல்லி அரைச்சுக் குடுத்து விடறேன்னு சொல்றாங்க. அன்பா சொல்றாங்க, ஆனா வேண்டாம்னுடு. லிவர் டானிக், பொடி, கேப்சூல்னு விளம்பரத்துல வர்றதையும் தொடாத, சில மூலிகை மருந்தே லிவர கெடுத்து ஆஸ்பத்திரியில படுத்தவங்க இருக்காங்க. எடை கொறைக்கற ஊசி பத்தி நீ கேட்ட. செமாகுளுடைடு, தழும்பு விழுந்த லிவருக்கே 2025 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல அனுமதி குடுத்தாங்க. டாக்டர் பாத்து எழுதிக் குடுத்தா போட்டுக்கறதுல ஒரு கேவலமும் இல்ல, நீயா வாங்கிப் போட்டுக்காத.

கிரேடு 2ங்கறது எவ்ளோ கொழுப்பு தெரியுதுன்னுதான் சொல்லும், தழும்பு இருக்கா இல்லையான்னு சொல்லாது. ரத்தத்துல லிவருக்குன்னு பாக்கற எஸ்ஜிபிடி டெஸ்ட் நார்மலா இருந்தாலும் உள்ள தழும்பு இருக்கலாம். அதனால லிவர் டாக்டர் ஒருத்தர பாரு. உன் வயசு, எஸ்ஜிபிடி, அதே மாதிரி இன்னொரு லிவர் டெஸ்ட் எஸ்ஜிஓடி, பிளேட்லெட் இந்த நாலையும் வெச்சு தழும்பு இருக்க வாய்ப்பிருக்கான்னு பாக்க ஃபிப்-4னு ஒரு கணக்கு போடுவாங்க, 1.3க்கு கீழ வந்தா பெருசா கவலை இல்ல, மேல போனா லிவர் எவ்ளோ இறுகியிருக்குன்னு பாக்கற ஃபைப்ரோஸ்கேன் எடுக்கணும், அது வலிக்காது, சீக்கிரம் முடிஞ்சிரும். மஞ்சக்காமாலை பி, சி வைரஸ் இல்லன்னு ஒரு தடவை பாத்துக்க, தைராய்டு, கொலஸ்ட்ரால், பிபியும். டாக்டர் "ஒண்ணும் இல்ல"ன்னு அனுப்பப் பாத்தா எழுந்திருச்சு வராத, ஃபிப்-4 எவ்ளோன்னு கேட்டு எழுதிட்டு வா.

இந்த சனிக்கிழமையே அப்பாயின்ட்மென்ட் போடு. ரிப்போர்ட் வந்ததும் எல்லா பக்கத்தையும் போட்டோ எடுத்து அனுப்பு, மொத பக்கத்த மட்டும் அனுப்பாத.

அன்புடன்
அம்மா

பி.கு: மாப்பிள்ளைக்கும் தொப்புளுக்கு நேரா டேப் வெச்சு அளந்து பாரு. ஆம்பளைக்கு 90 சென்டிமீட்டர், பொம்பளைக்கு 80, அதுக்கு மேல போனா அவரையும் கூடவே கூட்டிட்டுப் போ. நான் சொன்னேன்னு சொல்லு, மறுக்க மாட்டாரு.