மகளின் கட்டுரையும் மேற்கோள் முறையும்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதம் வியாழக்கிழமை கிடைத்தது. மாடி கட்டி முடிந்தது என்று படித்ததும் மனம் நிறைந்துபோனது. பொங்கலுக்குக் கட்டாயம் வருகிறேன். அம்மாவின் முழங்கால் வலி இப்போது பரவாயில்லை.

சரி, உன் மகளின் கட்டுரைக்கு வருகிறேன். மேற்கோளையும் நூல் பட்டியலையும் எழுதும் முறைகளான ஏபிஏ, எம்எல்ஏ, சிகாகோ, இவற்றில் எது நல்லது என்று கேட்டிருக்கிறாள். யார் படிக்கப் போகிறார்கள் என்பதைப் பொறுத்தது அது. உளவியல்காரர்களுக்கு ஓர் ஆய்வு எப்போது வந்தது என்பது முக்கியம்; அதனால் ஏபிஏவில் ஆசிரியர் பெயரை ஒட்டியே ஆண்டு வரும். இலக்கியம் படிப்பவர் அந்த வரியைப் புத்தகத்தில் புரட்டிப் பார்ப்பார்; எம்எல்ஏவில் பெயரும் பக்க எண்ணும் போதும். அவள் எடுத்திருப்பது வரலாறு. கல்வெட்டு, ஆவணம் என்று சான்றுகள் பலவகை, ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி விளக்கம் தேவைப்படும். நானாக இருந்தால் சிகாகோவின் அடிக்குறிப்பு முறையைத்தான் எடுப்பேன்.

ஆனால் நெறியாளர் ஏபிஏ என்று சொல்லியிருக்கிறாரே, அதையே பின்பற்றட்டும். ஏபிஏ கையேட்டின் எத்தனையாம் பதிப்பு என்று மட்டும் இப்போதே கேட்டுக்கொள்ளச் சொல். ஆறாம் பதிப்பில் பதிப்பகத்தின் ஊரையும் எழுத வேண்டும். 2019இல் வந்த ஏழாம் பதிப்பில் அது கிடையாது. சீனியர்களின் ஆய்வேட்டைப் பார்த்து எழுதினால் இரண்டும் கலந்துவிடும்.

எனக்கு உண்மையில் கவலை நம் பெயர்களைப் பற்றித்தான். இந்த முறைகளெல்லாம் குடும்பப் பெயர் உள்ளவர்களை மனதில் வைத்து உருவானவை. கி. செல்வி என்று எழுதும் ஒருவர் இன்னொரு கட்டுரையில் செல்வி கிருஷ்ணன் என்று போட்டால், பட்டியலில் 'கிருஷ்ணன், செ.' ஆகிவிடுவார். எழுதியது மகள், பட்டியலில் நிற்பது அப்பா! வரலாற்றாசிரியர் கே. ஏ. நீலகண்ட சாஸ்திரியை, நூல் பட்டியல் தயாரித்துத் தரும் ஜோட்டெரோ போன்ற மென்பொருளில் கவனிக்காமல் ஏற்றினால் 'சாஸ்திரி' மட்டும் தனியே பிரிந்து போய்விடும். 'நீலகண்ட சாஸ்திரி' முழுவதையும் குடும்பப் பெயருக்கான கட்டத்தில் போட வேண்டும். மென்பொருள் தரும் பட்டியலை அப்படியே ஒட்டாமல் ஒவ்வொரு பெயரையும் அவள் கண்ணால் பார்க்கட்டும். ஒருவர் இரண்டு விதமாக எழுதியிருந்தாலும் ஒரே ஆள்தான் என்று படிப்பவருக்குத் தெரிய வேண்டும்.

புறநானூற்றுக்குப் பக்க எண் மட்டும் கொடுத்தால் பயனில்லை. பதிப்புக்குப் பதிப்பு பக்கம் மாறும், பாட்டு எண் மாறாது. 'யாதும் ஊரே' எந்தப் பதிப்பில் தேடினாலும் 192தான். பாட்டு எண்ணும் அடி எண்ணும் கட்டுரைக்குள் வரட்டும். எந்தப் பதிப்பைப் படித்தாள் என்பது கடைசிப் பட்டியலில் இருக்கட்டும்.

என் ஆய்வேட்டின்போது குறிப்பட்டையில் மேற்கோளை எழுதிவிட்டுப் பக்க எண்ணை விட்டுவிட்டேன். அந்த ஒரு வரிக்காக மூன்று நாள் நூலகத்தில் உட்கார்ந்து, கடைசியில் கிடைக்காமல் மேற்கோளையே எடுத்துவிட்டேன். நல்ல மேற்கோள் அது, இன்னும் மனசு கேட்கவில்லை. அதனால் படிக்கும்போதே ஆசிரியர், ஆண்டு, பதிப்பு, பக்கம் நான்கையும் குறித்துக்கொள்ளச் சொல். முறையைப் பிறகுகூட மாற்றிக்கொள்ளலாம்.

முதல் வரைவு முடிந்ததும் பட்டியலை மட்டும் எனக்கு அனுப்பச் சொல். ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துத் தருகிறேன்.

அன்புடன்,
உன் விடுதித் தோழி