டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

தொகுதி மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

தொண்டை இன்னும் சரியாகவில்லை, அதனால் எழுதுகிறேன். சிங்கப்பூர்ப் பொதுத்தேர்தலில் நம் தொகுதியில் நின்ற நான் சனிக்கிழமை இரவு தோற்றது உங்களுக்குத் தெரியும். அதற்கு ஐந்து நாள் முன்னால் அப்பாவை மருத்துவமனையில் சேர்க்க வேண்டிவந்தது என்பதும் இந்நேரம் பாதிப் பேருக்குத் தெரிந்திருக்கும். இரண்டையும் திரும்பச் சொல்லப்போவதில்லை. அப்பா வீட்டுக்கு வந்துவிட்டார். நேற்று கஞ்சி குடித்தார், உப்பு பத்தவில்லை என்று குறையும் சொன்னார். அந்தக் குறையைக் கேட்டுத்தான் எங்களுக்கு மூச்சே வந்தது.

வாக்களித்தவர்களுக்கு நன்றி. எனக்குப் போடாதவர்களுக்கும் நன்றி, பலர் கதவைத் திறந்து நான் சொன்னதைக் கேட்டீர்கள். எட்டில் ஒரு பங்கு வாக்குக்கு மேல் கிடைத்ததால் 13,500 வெள்ளி வைப்புத்தொகை தப்பியது. அதில் யார் யாருடைய சேமிப்பு இருக்கிறது என்று எனக்குத் தெரியும், ஒவ்வொருவராக வந்து பார்க்கிறேன். ஏணி பிடித்தவர்கள், விளக்குக் கம்பத்தில் பதாகை கட்டியவர்கள், லிஃப்ட் பழுதான அடுக்குமாடி புளோக்கில் பன்னிரண்டு மாடி ஏறியவர்கள், வாக்கு எண்ணும் இடத்தில் கடைசிவரை கண் கொட்டாமல் நின்றவர்கள், மருத்துவமனையில் எனக்குப் பதில் உட்கார்ந்திருந்த தங்கைகள், அப்பாவைக் கவனித்த தாதியர், விஷயம் கேள்விப்பட்டு என்னை ஓரமாக அழைத்து "வீட்டைப் பாருங்கள்" என்று சொன்ன எதிரணித் தொண்டர், எல்லோருக்கும் சேர்த்து ஒரு பெரிய கும்பிடு.

ஆனால் நான் இந்த மடலை எழுத உட்கார்ந்தது ஒரு அக்காவுக்காக. அவருக்கு இந்தத் தொகுதியில் வாக்கு இல்லை. இந்த நாட்டிலேயே இல்லை.

சந்தைக்கு எதிர் புளோக்கின் கீழே உள்ள கோப்பிக்கடை உங்களுக்குத் தெரியும். அங்கே புரோட்டாக் கடையில் வேலை செய்பவர். மலேசியாவின் ஜொகூரிலிருந்து தினமும் விடியற்காலை நாலு மணிக்கெல்லாம் பாலம் தாண்டி வருகிறார். வேட்புமனுத் தாக்கல் ஏப்ரல் 23ஆம் தேதி முடிந்து மறுநாள் காலை அந்தக் கடைக்குத்தான் முதலில் போனோம். சிரித்துக்கொண்டே ஒரு துண்டுப்பிரசுரத்தை நீட்டினேன். "நான் ஜொகூரு யா, எனக்கு ஓட்டு கிடையாது" என்றார். நீட்டிய கை தானாகவே பின்னால் வந்துவிட்டது. காகிதம் மிச்சம் என்று நினைத்தேனோ, நேரம் மிச்சம் என்று நினைத்தேனோ, அடுத்த மேசைக்குப் போய்விட்டேன். பிரசாரத்துக்கு மொத்தமே ஒன்பது நாள். இரண்டாம் நாளுக்குள், வாக்கு இருக்கிற முகம் எது, இல்லாத முகம் எது என்று பிரித்துப் பார்க்கக் கண் பழகிவிடுகிறது. இதை எழுதும்போது வெட்கமாகத்தான் இருக்கிறது.

செவ்வாய்க்கிழமை காலை ஆறு மணிக்கு மருத்துவமனையிலிருந்து நேராக அதே கோப்பிக்கடைக்கு வந்தேன். அட்டவணையில் அப்படித்தான் இருந்தது. வேறு எங்கே போவது என்று யோசிக்கவும் தெம்பில்லை. எங்கள் ஆட்கள் யாரும் இன்னும் வரவில்லை. தூண் பக்கத்து மேசையில் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் ஒரு தட்டு வந்தது.

"நான் எதுவும் சொல்லலையே அக்கா."

"தெரியும். சாப்பிடு தங்கச்சி."

தோசை. அதைச் சின்னச் சின்னதாகப் பிய்த்து, சாம்பாரில் ஊறவைத்து, கரண்டி போட்டுக் கொண்டுவந்திருந்தார். என் ஒரு கையில் போன், இன்னொரு கை நடுங்கிக்கொண்டிருந்ததை அவர் தோசைக்கல்லுக்குப் பின்னாலிருந்தே பார்த்திருக்கிறார். அப்புறம் ஒரு சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து நடைபாதைப் பக்கம் போட்டு, அதில் ஒரு வெங்காயக் கூடையையும் வைத்துவிட்டுப் போனார். யாரும் படம் எடுக்கப் பக்கத்தில் வர முடியாது. என்ன நடந்தது என்று கேட்கவில்லை. கடைசிவரை கேட்கவேயில்லை.

புதன், வியாழன் இரண்டு நாளும் வீட்டிலிருந்து மிளகு ரசம் சாதம் கொண்டுவந்தார். நீல மூடி போட்ட டப்பா, மூடி கழன்றுவிடாமல் சுற்றி டேப் ஒட்டியிருந்தது. மூன்று மணிக்கு எழுந்து வைத்திருக்க வேண்டும். "அப்பாவுக்கு டாக்டர் கொடுக்க விடமாட்டாங்க, இது உனக்கு" என்றார். காசு கொடுத்தால் முறைத்தார். எனக்கு வேறொரு பயமும் இருந்தது. வெளிநாட்டினர் இங்கே தேர்தல் வேலையில் ஈடுபடக்கூடாது, என்னால் அவருக்குச் சிக்கல் வந்துவிடக்கூடாதே என்று தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவர் சிரித்துவிட்டார். "உன் நோட்டீச நான் தொடவே மாட்டேன். ரசத்துல என்னா அரசியல் இருக்கு?"

ஒரு வேடிக்கை சொல்ல வேண்டும். வாக்குக்காக வேட்பாளர் யாருக்கும் சாப்பாடு வாங்கிக் கொடுத்தால் அது குற்றம். அதனால் ஒன்பது நாளும் ஒரு தே ஓ (பாலில்லாத தேநீர்) கூட யாருக்கும் வாங்கித் தராமல் கஞ்சப் பிசினாரி மாதிரி அலைந்தேன். தந்ததெல்லாம் நீங்கள்தான். டாக்சி ஷிஃப்ட் மாற்றும் இடத்தில் ஒரு சீன அங்கிள் தொண்டைக்கு மிட்டாய் கொடுத்தார், பொருள் சேவை வரி 9 விழுக்காடானதற்கு என்னையும் சேர்த்துத் திட்டிக்கொண்டே. பேருந்து முனையத்தில் ஒரு ஓட்டுநர் தன் பத்து நிமிட ஓய்வு நேரத்தில் ஏழு நிமிடத்தை எனக்குக் கொடுத்தார். காலை ஏழு முதல் இரவு ஏழு வரை வேலை பார்க்கும் காவலாளி அண்ணன், தன் நாற்காலியை எனக்குத் தள்ளிவிட்டார்.

ஒரு பாக்கியும் இருக்கிறது. மூன்றாம் மாடிப் பெரியவர் ஒருவர் ஆங்கிலக் கடிதம் ஒன்றைக் கொண்டுவந்து, "என்ன எழுதியிருக்குன்னு படிச்சுச் சொல்லும்மா" என்றார். சாயங்காலம் வருகிறேன் என்றேன். போகவில்லை. தோற்றதைவிட இதுதான் தூக்கத்தைக் கெடுக்கிறது. ஐயா, இந்த வாரம் வருகிறேன். கடிதத்தை எடுத்து வையுங்கள். இனி ஞாயிறு காலை எட்டு மணிக்கு அதே தூண் பக்கத்து மேசையில் இருப்பேன். துண்டுப்பிரசுரம் இருக்காது. படிக்க வேண்டிய கடிதம், நிரப்ப வேண்டிய படிவம் எது இருந்தாலும் கொண்டுவாருங்கள். எந்தத் தொகுதி, எந்த நாடு என்று கேட்க மாட்டேன்.

அக்கா, நீங்கள் இதைப் படிப்பீர்களா என்று தெரியவில்லை. கடைக்கார அண்ணன் காட்டுவார் என்று நம்புகிறேன். உங்கள் நீல மூடி டப்பா இன்னும் என்னிடம்தான் இருக்கிறது. கழுவி வைத்திருக்கிறேன். நாளை கொண்டுவரலாமே என்றேன், வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கிற பழக்கம் நம் வீட்டில் உண்டா என்று அம்மா அதட்டினார். ரவா லட்டு பிடித்துக்கொண்டிருக்கிறார். புதன்கிழமை, ஆறு மணிக்கு.